மவுண்ட் தின்ற ஓரம்

தங்கை தான் வரைந்த பத்துப் படங்களில் கடைசிப் படத்தை மேசையில் விரித்தபோது நான் ஓரத்தைத்தான் முதலில் பார்த்தேன். ஃபிரேம் கடையில் எட்டு வருடம் வேலை பார்த்த பழக்கம். படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டை நாலு பக்கமும் கொஞ்சம் தின்றுவிடும். ஓரத்தில் முக்கியமாக எதுவும் இருக்கக் கூடாது.

இருந்தது. ஓர் அறை, கட்டில். வலது ஓரத்தில், விரல்கடை அகலத்துக்கு, கதவைப் பிடித்த ஒரு கை. கடிகாரம் மணிக்கட்டின் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. நான் அப்படித்தான் கட்டுவேன்.

அந்த அறை என் புகுந்த வீட்டில் இருந்தது. அப்போது எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். தங்கைக்கு இருபது வயது, விடுமுறைக்கு அங்கே வந்திருந்தாள். "அக்கா" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். கதவைத் திறந்தேன். என் கணவரின் அண்ணன் அவளைக் கட்டிலோடு அழுத்திப் பிடித்திருந்தார். சாத்தினேன். சமையலறைக்குப் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். அந்த வீட்டை விட்டு நான் பிற்பாடு வந்ததற்குக் காரணம் வேறு. அவள் என்னைப் பார்க்கவில்லை என்று பதினோரு வருடம் நம்பியிருந்தேன்.

"என்னம்மா, ஒண்ணுலயாவது ஒரு பூ போடக் கூடாதா?" என்றார் கடைக்காரர், மேசையில் இருந்த படத்தை எட்டிப் பார்த்து.

"பூ உங்க காலண்டர்ல இருக்கே, போதாதாண்ணே?"

இப்போது இப்படிப் பேசுகிறாள். வரையத் தொடங்கிய முதல் வருடம் வெறும் கறுப்பு. பிறகு கட்டில் வந்தது. போன வருடம் அறையின் ஜன்னல் திறந்திருப்பதாக வரைந்தாள். அதற்குப் பிறகுதான் விளக்கை அணைத்துத் தூங்குகிறாள்.

"வெள்ளிக்கிழமை கண்காட்சியில பத்தையும் மாட்டணும்க்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மவுண்ட்டை வலது பக்கம் அரை இஞ்ச் கூடுதலாக விட்டு வெட்டினேன். கை மறைந்தது. படம் பார்க்க நன்றாகவே இருந்தது.

மறுநாள் மாலை வந்து பார்த்தாள்.

"ஓரம் எங்க?"

"மவுண்ட் தின்னுடுச்சு."

"மத்த ஒம்பதுலயும் தின்னலையே."

நான் கத்தியைத் துடைத்தேன்.

"அந்த ஓரத்த வரையறதுக்குத்தான்க்கா அந்த ஒம்பதும் வரைஞ்சேன்."

அவள் அழவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் ஃபிரேமைக் கவிழ்த்து, ஆணிகளைப் பிடுங்கி, டேப்பை உரித்தேன். உரிக்க உரிக்கக் காகிதம் முனகியது.

"மவுண்ட் இல்லாம போடலாம்," என்றேன். "முழுசும் தெரியும்."

"சரி."

படத்தைப் பின்அட்டையில் ஒட்ட இரண்டு பேர் வேண்டும். அவள் இடது பக்கத்தைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் நீ புடி. அசையாம."

பிடித்தேன். மேசை விளக்கின் கீழே, விரல்கடைத் தூரத்தில், படத்தில் ஒன்றும் என் கையில் ஒன்றுமாக, இரண்டு கடிகாரங்களும் உள்பக்கமாகத் திரும்பியிருந்தன.