கதவுக்கு வெளியே கேட்ட குரல்

சிவானந்தன் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டியைத் திறக்க முன்னரே உள்ளே கள்ளச் சாமான் இருக்கிறதென்று முடிவுகட்டும் பழக்கம் வேலையோடு போகவில்லை. வெள்ளவத்தை பிளாட்டுக்கும் கூடவே வந்துவிட்டது.

மகள் தாரிகாவுக்குப் பக்கத்துப் பாமன்கடையில் இருந்து தரகர் மூலம் ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை கஜீவன், என்ஜினியர். சாதகம் பொருந்திவிட்டது. தாரிகாவைக் கேட்டதற்கு, "உங்களுக்குச் சரியெண்டா எனக்கும் சரி" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். அடக்கமான பிள்ளை என்று அவருக்குப் பெருமை. இனி மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பதுதான் மிச்சம். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

கஜீவன் வீட்டு வாசல் காவலாளியிடம் சிங்களத்தில் நைசாகக் கதை கொடுத்தார். கஜீவன் முடி வெட்டிக்கொள்ளும் சலூனில் போய்த் தானும் தலையைக் கொடுத்தார். ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை. அதுவே அவருக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது. ரோசாப்பூப் படத்தோடு கள்ளப் பெயரில் ஒரு பேஸ்புக் கணக்குத் திறந்து கஜீவனின் பக்கத்துக்குள் புகுந்தார். அங்கேதான் அகப்பட்டது.

ஒரு பெண்ணின் பாட்டுகள். பெயரில்லை, முகமில்லை, மூடிய ஜன்னல் படம் மட்டும். அவள் போடுவதையெல்லாம் கஜீவன் ஒன்றுவிடாமல் பகிர்ந்திருந்தான். 'இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிப்டில் இருக்கிறேன், பயமுமில்லை, அவசரமுமில்லை' என்று ஒரு பாட்டு. 'அழுகை வந்தால் சொல்லியனுப்புங்கள், வீட்டில்தான் இருப்பேன்' என்று இன்னொன்று. பக்கத்து அறைக்குக் கேட்கக் கூடாதென்பதுபோல் அடங்கிய குரலில் பாடினாள். சிவானந்தனுக்கு எல்லாம் வெளித்துவிட்டது. இவள் பழைய காதலி, கைவிட்டவன் அவன், விட்டகுறை தொட்டகுறை இன்னும் ஓடுகிறது.

கடைசிப் பாட்டின் முடிவில் யாரோ கதவைத் தட்டும் சத்தம். வெளியே ஓர் ஆண்குரல், "உள்ள ஆரோட கதைக்கிறாய்?" என்றது. பெட்டையின் தகப்பன்! அவருக்கும் சந்தேகம் வந்திருக்கிறது. பாவம் மனுசன், நம்மைப்போல விழிப்பான ஆள் என்று சிவானந்தன் மனம் இளகினார்.

தரகருக்கு மறுப்புச் சொல்ல முன்னர் மனைவி நாகேஸ்வரியிடம் சாட்சியை ஒப்படைக்க வேண்டுமே. குசினிக்குப் போய், தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசிப் பாட்டைப் போட்டுக் காட்டினார். தேங்காய் துருவிக்கொண்டிருந்த நாகேஸ்வரியின் கை நின்றது.

"திரும்பப் போடுங்கோ."

போட்டார். அவள் கண் கலங்கிவிட்டது.

"இது உங்கட குரலெல்லோ."

சிவானந்தன் சிரித்தார். தனக்கு இப்படியொரு கரகரத்த குரலா? எதற்கும் இன்னொரு தரம் கேட்டார். கேள்வியைக் கேட்டுவிட்டு அந்தத் தகப்பன் தொண்டையைச் செருமினார், சற்றுமுன் இவர் செருமியது போலவே.

சிரிப்பு நின்றுவிட்டது. தன் குரல் தனக்குத் தெரியாமல் போகட்டும், பெற்ற பிள்ளையின் குரலுமா தெரியாமல் போனது? 'ஓம்', 'சாப்பிட்டன்' என்பதற்கு மேல் அவள் வீட்டில் பேசி எவ்வளவு காலம்! அதை அடக்கம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவரும் அவர்தான்.

போனில் தரகரின் கோல் வந்தது. போனை அடிக்கவிட்டு மேசையில் வைத்துவிட்டு மகளின் அறைக்கு நடந்தார். உள்ளே மெல்லிய முணுமுணுப்பு. 'ஆரோட கதைக்கிறாய்' என்ற அந்தக் கேள்வியை இன்றைக்குக் கேட்கப் போவதில்லை. பிள்ளை, உனக்கு என்னம்மா செய்யுது என்று ஒரு தரமாவது கேட்டுவிட வேண்டும். கதவைத் தட்டக் கையை உயர்த்தினார்.

செருப்புச் சத்தம் உள்ளே கேட்டிருக்க வேண்டும். முணுமுணுப்பு நின்றது.

"ஒருத்தரோடயும் இல்லை, அப்பா" என்றாள் தாரிகா, அவர் வாயைத் திறக்க முன்னமே.