அமெரிக்காவுக்கு ஜாமீன் நின்ற அத்தாயி

1

அமெரிக்க அரசியல் பற்றி எனக்கு நிறையக் கருத்துகள் உண்டு. பொருளாதாரம் பற்றியும் உண்டு. சாகிறவரை மனிதர் படித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது மூன்றாவது கருத்து. நான் வாயைத் திறந்ததுமே வீட்டில் எல்லோருக்கும் அடுக்களையில் அவசர வேலை வந்துவிடுகிறது. ஆகவே மூன்றையும் அத்தாயி என்றொரு பெண்ணின் தலையில் ஏற்றி, 1932-இன் கடைசியில், கொல்லிமலைத் திண்ணனூர் நாட்டுக்கு அனுப்பிவிட்டேன். அங்கே போய் யாரும் என்னை மறுத்துப் பேச முடியாது.

2

தொடக்கம்: பனி படர்ந்த மலைமுகட்டில் கதிரவன் தன் பொற்கரங்களால்...

வேண்டாம். அத்தாயிக்கு வேலை கிடக்கிறது.

மறுபடியும்: அத்தாயி ஐம்பதை நெருங்குகிறவள். முள்ளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு சுமந்து இறங்குவாள். உப்புக் கடைக்காரரை நச்சரித்து ஓரிரு எழுத்துக் கற்றுக்கொண்டு மலையேறுவாள். இப்போது உப்பு மடித்துத் தந்த செய்தித்தாளை எழுத்துக் கூட்டி வாசித்துவிடுகிறாள். ஒரு சொல் பிடிபட்டதும் தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறாள். [எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நான் வாசித்துச் சிரித்து எவ்வளவோ காலமாகிவிட்டது.]

அந்த வருஷம் மிளகு விலை படுத்துவிட்டது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. அத்தாயி தாளைப் பார்த்துச் சொன்னாள்:

"அமெரிக்காவுல பாங்கெல்லாம் மூடிப்போட்டாங்களாம். அதுனால ஒலகம் பூராவும் வெலை எறங்கிப்போச்சாம்."

சும்மா இருந்திருக்கலாம்.

3

ஊர்க்கவுண்டர் சின்னுசாமி உடனே ஊர்ப் பொது மந்தையில் கூட்டம் போட்டார். குற்றவாளி அமெரிக்கா. ஆள் வரவில்லை. வராதவரின் சேதியை யார் கொண்டுவந்தாரோ அவரே அவருக்கு ஜாமீன் என்பது அங்கே வழக்கம்.*

* வழக்கம் நான் கட்டியது. மலையேறிப் போய் விசாரிக்காதீர்கள்.

"அமெரிக்காவுக்கு நீதான் ஜாமீனு. பதில் சொல்லு. இல்லீன்னா இனிமேப்பட்டு தாளைத் தொடப்படாது" என்றார் கவுண்டர்.

புருஷன் கருப்பண்ணன் காதைக் கடித்தான். "பேசாம கால்ல உளுந்துரு புள்ள. அமெரிக்கா என்ன நமக்கு மாமன் மச்சானா?"

அமெரிக்கா எக்கேடோ கெட்டுப் போகட்டும். இத்தனை வயதுக்கு மேல் கிடைத்த எழுத்தைப் பிடுங்கிவிடுவார்களே என்று அத்தாயிக்கு அழுகை முட்டியது.

[இங்கே அவளைச் சுங்கவரி பற்றி இரண்டு பக்கம் பேசவைத்தேன். கருப்பண்ணன் தூங்கிவிட்டான். கிழித்தாயிற்று.]

அவள் தாளை உயர்த்திப் பிடித்தாள். "அந்த நாட்டுப் பெரிய தலைவரை சனங்களே ஓட்டுப் போட்டு வேண்டாம்னு எறக்கிப்புட்டாங்களாமுங்க. இதுலயே போட்டிருக்குதுங்க. தண்டம் முடிஞ்சுபோச்சு. ஒரு குத்தத்துக்கு ரெண்டு தண்டமுங்களா?"

பக்கத்துக் காட்டு ராமாயி மெல்லக் கேட்டாள்: "சனங்களேவா? தலைவரையா?"

எல்லோருடைய பார்வையும் அமெரிக்காவை விட்டுச் சின்னுசாமிக் கவுண்டர் மேல் வந்து நின்றது. அவர் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"அமெரிக்காவ உட்டுரலாம், பாவம்" என்றார் அவசரமாக. "ஆனாக்கா இந்தப் படிப்பு ஊருக்கு ஆகாது. நிறுத்திப்போடு."

4

முடிவுகள்:

அ. அத்தாயி தலைகுனிந்து மிளகுக் கொடிக்குத் திரும்புகிறாள். (எழுதிப் பார்த்தேன். என்னையே அறையலாம்போல் இருந்தது.)

ஆ. கவுண்டர் மனம் திருந்தி, தாமும் அரிச்சுவடி... (இவ்வளவு சர்க்கரை எனக்கே ஆகாது.)

இ. அத்தாயி கப்பலேறி அமெரிக்கா போகிறா...

மூன்றையும் அடித்துவிட்டு நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கையில் அவளே பேசிவிட்டாள். நான் எழுதிக் கொடுத்த வசனம் இல்லை இது.

"ஏனுங்க, நான் படிக்கலாமுங்கிறவங்க கையைத் தூக்குங்க, பாப்போம்."

அப்படியொரு காரியம் அந்த மந்தையில் நடந்ததே இல்லை. கருப்பண்ணன் கவுண்டரைப் பார்த்தான்; பெண்டாட்டியைப் பார்த்தான். பயந்துகொண்டே கையைத் தூக்கினான். ராமாயி ரெண்டு கையையும் தூக்கினாள். ஒன்றுதான் செல்லும் என்று கவுண்டர் அதட்டினார். ஆக, அவரும் எண்ண ஆரம்பித்துவிட்டார்.

நானும் தூக்கிவிட்டேன். எழுதுகிற கை அதுதான் என்பதால் தீர்ப்பை எழுத முடியவில்லை. இதை இடக்கையால் கிறுக்குகிறேன், எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கவுண்டர் எண்ணி முடித்துவிட்டார். ஒரு கை குறைகிறதாம். அத்தாயி இந்தப் பக்கம் திரும்பி உங்களைத்தான் பார்க்கிறாள்.