வழவழப்பான பக்கம்

எங்கள் ஊரில் சுவரின் எந்தப் பக்கம் வழவழப்பாக இருக்கிறதோ, அந்தப் பக்கம்தான் வீட்டின் உட்புறம். கொத்தனார்களுக்கு இது தெரியும். அதனால் வெளிச்சுவரைக் கொஞ்சம் சொரசொரப்பாகவே விட்டுவிடுவார்கள். தையல்காரர் குற்றாலிங்கத்துக்கு இது தெரியாது. அவர் தம் வீட்டு வெளிச்சுவரைத் தாமே பூசினார்.

பூச வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. பழைய வீடு. வெளியே காரை பாளம் பாளமாக உதிர்ந்து, காயப்போட்ட வற்றலின் மேல் விழுந்துகொண்டிருந்தது. மனைவி உலகம்மை சொல்லும்போதெல்லாம் "பாப்போம், பாப்போம்" என்றார். கடைசியில் ஒரு பாளம் அவள் தோளிலேயே விழுந்தது. "இனி இந்த வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ரெண்டு தெரு தள்ளி இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். உலகம்மை சொன்னால் சொன்னதுதான். கல்யாணமான புதிதில் கத்தரிக்காயை விட்டேன் என்றவள், இன்றுவரை அதைக் கையால் தொட்டதில்லை. அவள் இல்லாத வீட்டில் குற்றாலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை.

மணலைச் சலித்தார், சாந்து குழைத்தார். முதலில் அடித்ததெல்லாம் சுவரில் நிற்காமல் அவர் காலடிக்கே வந்தது. பிறகு கை பழகியது. நிறுத்தத்தான் தெரியவில்லை. துணியில் ஒரு சுருக்கம் கண்டாலே பொறுக்காத மனுஷன். சிமெண்ட் பாலைப் பூசித் தேய் தேய் என்று தேய்த்தார். கன்னத்தை வைத்துப் பார்த்தார். உட்சுவரைவிட வழுக்கியது.

மறுநாள் காலையில் தபால்காரர் தெருமுனையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். பஸ்கள் ஹாரன் அடிக்காமல் போயின. கடைத்தெருவில் "வீட்டுக்குள்ள நின்னு என்ன சத்தம்?" என்று ஒருவரையொருவர் அடக்கிக்கொண்டார்கள். ஊர் முழுக்கக் குற்றாலிங்கத்தின் வீட்டுக்குள் வந்திருந்தது. அவருக்கும் அதில் பெருமைதான், மைத்துனன் சுடலைமுத்து வந்து நிற்கும்வரை.

"அத்தான், அக்கா கட்டில விட்டு இறங்க மாட்டேங்கா. எங்க வீடும் இப்ப உங்க வீட்டுக்குள்ளதான இருக்கு? எங்க கால் வச்சாலும் சொன்ன சொல்லு போயிரும்ங்கா. காலைலருந்து காலத் தூக்கிட்டே உக்காந்துருக்கா."

குற்றாலிங்கம் சுவரைத் திரும்பிப் பார்த்தார். செய்ததெல்லாம் அவள் திரும்பி வரட்டும் என்றுதான். கடைசியில் அவளுக்குக் கால் வைக்கவே இடமில்லாமல் பண்ணிவிட்டார். யோசித்துப் பார்த்தார். வீட்டுக்கு வெளியே என்று மிச்சமிருந்தது நாலே நாலு அறைகள், அவர் படுத்து எழும் பழைய அறைகள்.

இருவருமாகப் போய்க் கட்டிலோடு அவளைத் தூக்கி வந்தார்கள். உலகம்மை மேலே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "குலுக்காம வாங்க" என்று அதட்டிக்கொண்டே வந்தாள். ஊர்க்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கட்டிலைக் கூடத்தில் இறக்கினார்கள்.

உலகம்மை தரையைப் பார்த்தாள். "இது வெளிதான?"

"சுத்தமா வெளிதான்க்கா" என்றான் சுடலைமுத்து.

அவள் காலைக் கீழே வைத்தாள். குற்றாலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதை மறைக்கவும் இல்லை.

கூடத்தில் தூறல் போட ஆரம்பித்தது. சுடலைமுத்து நனையாமல் இருக்கத் தெருவுக்கு ஓடினான். குற்றாலிங்கம் போகவில்லை. ஆணியில் தொங்கிய குடையை எடுத்து விரித்தார்.

"ஒரு குடைதான் இருக்கா?"

"ஒண்ணு போதும்."

அவள் நெருங்கி நின்றாள். அடுக்களைப் பக்கம் மின்னல் வெட்டியது.