மீன் இல்லாத ஆறு வாரம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யைச் சொன்னவன் நான். இதை இங்கேயே போட்டு உடைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசிப் பக்கம் வரை ஒளித்து வைத்து உங்களைத் திடுக்கிட வைக்கலாம் என்று எழுத்தாளப் புத்தி எட்டிப் பார்க்கும்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆறடி நீள மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. ஐந்நூறு லிட்டர் பிடிக்கும். இரண்டு வருடம் காலியாகக் கிடந்தது. அதன் மூடி மேல் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணிகளைப் போட்டு வைத்தோம். இப்போது என் மனைவி அதில் மறுபடி தண்ணீர் விட்டிருக்கிறாள். ஆனால் மீன் இல்லை. உடனே விடக் கூடாதாம். மீனின் கழிவு தண்ணீரில் அம்மோனியா என்ற நஞ்சாகும். அந்த நஞ்சைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சில் குடியேற வேண்டும். அதற்கு ஆறு வாரம். அதுவரை மீன் இல்லாத தொட்டிக்குத் தினமும் சில சொட்டு அம்மோனியா விட்டு, கண்ணுக்கே தெரியாத அந்தக் கூட்டத்துக்குச் சாப்பாடு போடுகிறாள்.

அந்த ஆறு வாரத்துக்குள் நான் இதை எழுதி முடித்து அவளிடம் கொடுக்க வேண்டும். என் கதைகளை முதலில் படிப்பவள் அவள்தான்.

2

முதல் தொடக்கம்: "காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் போனபோது வீட்டில் யாரும்..."

(நிறுத்திவிட்டேன். மின்சாரம் போகவே இல்லை. முதல் வரியிலேயே பழைய பொய்யைப் புதுச் சட்டை போட்டு அழைத்து வருகிறேன், பாருங்கள்.)

இரண்டாவது தொடக்கம்: "கண்ணாடிக்குள் வாழும் உயிருக்கு மரணம் என்பது..."

(அடித்துவிட்டேன். தப்பு செய்தவன் தத்துவம் பேச ஆரம்பித்தால் கொஞ்சம் உஷாராக இருங்கள்.)

மூன்றாவது: "ஒருவன் ஸ்பாஞ்சைக் கழுவினான்."

இது இருக்கட்டும்.

3

ஒருவன் ஸ்பாஞ்சைக் கழுவினான்.

அவன் மனைவி கெமிஸ்ட்ரி டீச்சர். வயிற்றில் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் வளர்த்தவை ஏழு ஃபிரண்டோசா. தூரத்து ஏரி ஒன்றைச் சேர்ந்த சிக்லிட் வகை. நீலப் பட்டைகள், நெற்றியில் ஒரு மேடு, எதற்கும் அவசரப்படாத நடை. ஏழிலும் பெரியதற்கு மேனேஜர் என்று பெயர். யார் கூடத்துக்குள் வந்தாலும் கண்ணாடி ஓரம் வந்து நின்று, ஏன் லேட் என்பது போலப் பார்க்கும்.

போகும்முன் டீச்சர் ஒரு தாளில் எல்லாம் எழுதிக் கொடுத்தாள். எத்தனை தடவை தீனி, எவ்வளவு, விளக்கு எப்போது. ஃபில்டரைத் தொடாதீர்கள் என்று மட்டும் எழுதவில்லை. தொடுவான் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. அந்த வீட்டில் யாரும் சொல்லாமல் அவன் எதையும் கழுவியதே கிடையாது.

ஆனால் கழுவினான். அவள் திரும்பி வரும்போது பளிச்சென்று இருக்கட்டும் என்று ஃபில்டரைத் திறந்து, பழுப்பேறிய ஸ்பாஞ்சுகளைக் குழாயடியில் பிடித்து, குளோரின் தண்ணீரில் வெள்ளையாகும் வரை கசக்கிப் பிழிந்தான். சாக்கடையில் போனது அழுக்கு என்று நினைத்தான். அந்த மீன்கள் உயிரோடிருந்ததே அந்த அழுக்கால்தான். மூன்றாம் நாள் ஏழும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

(அவன், அவன் என்று எழுதக் கை கூசுகிறது. நான்.)

4

தினமும் மாலையில் போன் செய்வாள். முதலில் மாத்திரை, தையல், பக்கத்துப் படுக்கைக்காரியின் குறட்டை என்று பேசிவிட்டுக் கடைசியில் கேட்பாள்.

"மீனெல்லாம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. நீ ரெஸ்ட் எடு."

ஐந்து நாள் இதையே சொன்னேன். முதல் வரைவில் இந்த இடத்தில், "அவள் உடல்நிலையை எண்ணி உண்மையை மென்று விழுங்கினேன்" என்று எழுதியிருந்தேன். சப்பைக்கட்டு. அவளுக்கு உடம்பு முடியவில்லையே தவிர வாய் முடியாமல் இல்லை. படுத்தபடியே வகுப்புப் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தவள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் வழி சொல்லியிருப்பாள்: தீனியை நிறுத்துங்கள், தினமும் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுக் குளோரின் போக்கிய தண்ணீரை விடுங்கள். என்ன செய்து தொலைத்தீர்கள் என்று திட்டியிருப்பாள், அவ்வளவுதான். அந்தத் திட்டுக்குப் பயந்தேன். பயம் என்றுகூடச் சொல்ல முடியாது, வெட்கம். ஸ்பாஞ்சைக் கழுவியது தெரியாமல் செய்தது. போனில் சொன்னது தெரிந்தே செய்தது.

ஏழும் போன பிறகு, நான் வெளியே போன நேரத்தில் பத்து மணி நேரம் கரண்ட் இல்லை, காற்றில்லாமல் ஒரே நாளில் முடிந்துவிட்டது, கஷ்டப்படவில்லை என்றேன். அவள் அக்கம்பக்கத்தில் யாரிடமும் விசாரிக்கவில்லை. என்னை ஏன் விசாரிக்க வேண்டும்?

5

இங்கே டீச்சரின் பாத்திரம் எனக்கு இடறியது. இவ்வளவு விவரமானவள் எப்படி நம்பினாள் என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து அவள் சொன்னது இதுதான்:

"கரண்ட் போனாலும் காத்து விடுற பேட்டரி பம்ப் வாங்கணும், வாங்கணும்னு ரெண்டு மாசமா சொல்லிட்டே இருந்தேன். வாங்காம வந்து படுத்துட்டேன். என் தப்புதான்."

நான் "விடு" என்றேன். இன்றுவரை அந்தச் சொல்லுக்காக நான் என்னை மன்னிக்கவில்லை. என் பொய்யில் தப்பு செய்தவருக்கான இடம் காலியாக இருந்தது. தானே போய் அதில் உட்கார்ந்துகொண்டாள். எழுந்திரு என்று நான் சொல்லவில்லை.

இந்தத் தடவை தொட்டிக்கு என்று முதலில் வந்து இறங்கியது பேட்டரி பம்ப்தான், மணலுக்கும் முன்னால். பிறகு மீன் கடைக்குப் போனோம். கடைக்காரர் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, விரல் நீளத்தில் ஆறு ஃபிரண்டோசாக் குஞ்சுகளைக் காட்டினார். கண்ணாடியில் கை வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு, காற்று குறைந்தாலும் தாக்குப்பிடிக்கிற மீனாகச் சொல்லுங்கள் என்றாள். ஆஸ்கர் தாங்கும் என்றார். ஆஸ்கரும் சிக்லிட்தான், நல்ல மீன், அதன் மேல் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவளுக்கு ஆஸ்கர் பிடிக்காது.

"இதையே எடுத்துக்கங்களேன் டீச்சர், உங்களுக்குத் தெரியாததா?" என்று கடைக்காரர் மறுபடி குஞ்சுகளைக் காட்டினார்.

"வேணாங்க. இதுங்களக் காப்பாத்த எனக்குத் துப்பில்ல."

ஆறு வாரம் கழித்து வருகிறோம், இரண்டு ஆஸ்கர் எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். அன்று மதியம்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

6

முடிவுகள்.

படித்துவிட்டுச் சிரிக்கிறாள், "லூசு" என்கிறாள். (எனக்கு வேண்டிய முடிவு. ஆகவே நம்ப வேண்டாம்.)

பெட்டியைக் கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விடுகிறாள். நான் தனியாக அம்மோனியாச் சொட்டுகளை எண்ணி... (இதுவும் என்னைப் பற்றியதாகவே இருக்கிறது. தண்டனையிலும் கதாநாயகன் நான்தானா?)

தனக்கு முதலிலிருந்தே தெரியும் என்கிறாள். (சௌகரியமான முடிவு. தெரிந்திருந்தால் பேட்டரி பம்ப் எதற்கு வாங்குகிறாள்?)

மூன்றையும் கிழித்துவிட்டு, ஐந்தாவது பகுதி வரை மட்டும் அவளிடம் கொடுத்தேன். அன்று காலைதான் தண்ணீரைச் சோதித்து, அம்மோனியா துளிகூட மிச்சமில்லை, தொட்டி தயார் என்று சொல்லியிருந்தாள்.

7

இது நடந்தது.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படித்தாள். வழக்கமாகப் பென்சிலோடு படிப்பாள், ஒற்றெழுத்து விட்டிருந்தால் சுழிப்பாள். இந்தத் தடவை எதையும் சுழிக்கவில்லை. முடித்ததும் தாள்களை நேராக அடுக்கினாள். ஸ்பாஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கடைசியா போனது எது?"

"மேனேஜர்."

"எத்தன நாள் கஷ்டப்பட்டுச்சு?"

"அஞ்சு நாள்."

அவள் அழவில்லை.

"அஞ்சு நாளும் நல்லா இருக்குன்னு சொன்னீங்க. நான் நிம்மதியா படுத்துட்டிருந்தேன்."

பிறகு போனை எடுத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டாள். அந்த இரண்டு ஆஸ்கரையும் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள். வேறு என்ன எடுத்து வைக்கட்டும் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். என்னைப் பார்த்தாள்.

"இன்னும் முடிவு பண்ணல. நான் தனியா வந்து பாத்துக்கறேன்."

கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பி இரண்டு மணி நேரம் ஆகிறது. கடை நடக்கிற தூரம்தான்.

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. எழுதினால் என்னையறியாமல் எனக்குச் சாதகமாக ஏதாவது பூசி மெழுகிவிடுவேன், இத்தனை பக்கம் படித்த உங்களுக்கு அது தெரியும். அவள் எந்த மீனோடு வருவாள், இல்லை வெறுங்கையோடு வருவாளா, வந்து என்னோடு பேசுவாளா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எப்படி வேண்டுமானாலும் முடியுங்கள். தப்பு அவளுடையது இல்லை என்பதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.