காலிப் படிக்கட்டு

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மருந்துக் கிடங்கின் பின்படிக்கட்டில் யாருமே ஏறியதில்லை. கேமரா அப்படித்தான் சொல்லும். கேமரா பொய் சொல்லாது என்பார்கள். சொல்ல வைக்க ஒரு ஆள் இருந்தால் அதுவும் சொல்லும். அந்த ஆள் மேல்மாடி அறையில் பதினாறு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். கிடங்கில் அவனைக் கேமராக்காரன் என்றே கூப்பிட்டார்கள்.

ஆறு மாதமாக, வாரம் தவறாமல், மருந்து ஏற்றும் குளிர்வண்டியை ஓட்டுகிற சுருட்டை என்கிறவன் அந்தப் படி வழியாக அவனைப் பார்க்க வந்துகொண்டிருந்தான். அரை மணி நேரம்தான். கதவைத் தாழ் போட்டுவிட்டு அந்தச் சுருட்டை முடிக்குள் விரலை விட்டால் கேமராக்காரனுக்கு உலகமே மறந்துபோகும். முப்பத்தெட்டு வயதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத ஆசை அது. சுருட்டை போனதும், முந்தின நாளின் காலிப் படிக்கட்டை எடுத்து அன்றைய பதிவின் மேல் ஒட்டிவிடுவான். ஊர் வாய்க்குப் பயந்து செய்த காரியம்தான், என்றாலும் தன் கெட்டிக்காரத்தனத்தில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அதைப் பீற்றிக்கொண்டதும் சுருட்டையிடம்தான்.

"அப்ப நான் வந்ததுக்கு அத்தாட்சியே இல்லையா?" என்று சுருட்டை சிரித்தான்.

"பழசெல்லாம் அழிச்சிட்டேன். நீ ஆவி மாதிரி. என் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவ."

ஒரு புதன்கிழமை காலை, குளிர் அறையிலிருந்து நாற்பது பெட்டி புற்றுநோய் ஊசி மருந்தைக் காணோம். சின்னச் சின்னப் பெட்டிகள். ஒரு தோள்பையில் அடங்கிவிடும். குளிர் அறை அந்தப் பின்படிக்கட்டின் அடியிலேயே, அதே கேமராவின் பார்வையில் இருந்தது. எண் அழுத்தித் திறக்கிற பூட்டு உடைபடவில்லை. எண் தெரிந்தவர் கிடங்குப் பொறுப்பாளர் ஒருவரே. பதிவிலும் அவரைத் தவிர யாரும் அந்தக் கதவருகே போகவில்லை. மத்தியானத்துக்குள் போலீஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவர் வேறு யாருமில்லை, கேமராக்காரனின் அக்கா புருஷன். அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்த புண்ணியவான்.

அக்கா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "பதினாறு டிவி வச்சுப் பாக்குறியே, உங்க மாமா எடுக்கலன்னு உனக்குத் தெரியாதா? வாயத் தொறந்து சொல்லேன்டா!"

சொன்னால் மாமா வெளியே வருவார். கூடவே இவன் ஒளித்து வைத்ததும் வெளியே வரும். வண்டி கழுவும் கொட்டகைக்கு ஓடினான்.

"நீ எடுக்கலன்னு மட்டும் சொல்லு. நம்பிடுறேன்."

சுருட்டை டயரில் தண்ணீர் அடிப்பதை நிறுத்தவில்லை. "யார் சார் நீங்க? நான் அந்தக் கட்டடத்துக்குள்ள வந்ததே இல்லையே. உங்க கேமராவே சாட்சி."

ஆறு மாதம் மடியில் படுத்திருந்தவன் வாய் கூசாமல் 'சார்' என்றான். கேமராக்காரனுக்கு அழுகைகூட வரவில்லை.

ஆனால் பழைய பதிவுகளை அவன் அழிக்கவே இல்லை. சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வழியில்லாத உறவு. வேறு என்ன செய்வான்? இருபத்தாறு வாரத்தையும் ஒரு பென்டிரைவில் பொத்திப் பொத்தி வைத்திருந்தான். படியேறுவதற்கு முன் சுருட்டை கேமராவை நிமிர்ந்து பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பான். மனசு சரியில்லாதபோதெல்லாம் அந்தச் சிரிப்பைத்தான் போட்டுப் பார்ப்பான். கடைசி வாரத்தை மட்டும் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

பென்டிரைவை அப்படியே போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்தான். கடைசி வாரத்தை இன்ஸ்பெக்டர் அம்மாள்தான் தன் மேசையில் போட்டுப் பார்த்தார். சுருட்டை படியிறங்கி வந்தான், எண்ணை அழுத்தினான், உள்ளே போனான், பை புடைக்க வெளியே வந்தான். மாமாவுக்கு விடிவு வந்துவிட்டது. கேமராக்காரன் எழுந்தான்.

"உக்காருங்க. மொத வாரத்தையும் பாப்போம்."

"அதுல ஒண்ணும் இல்ல மேடம். சும்மா சிரிப்பான், அவ்வளவுதான்."

"மூஞ்சிய விடுங்க. கையப் பாருங்க."

நூறு தடவை பார்த்த பதிவில் முதல் தடவையாகக் கையைப் பார்த்தான். முகம் மேலே சிரித்துக்கொண்டிருக்க, வலது கை பக்கவாட்டில் நீண்டு குளிர் அறைப் பூட்டில் எண் அழுத்தியது. சிவப்பு விளக்கு. இன்னொரு தடவை. மறுபடியும் சிவப்பு. மூன்றாவது தப்புக்கு அலறுகிற பூட்டு என்பதால் அதோடு நிறுத்திவிட்டுப் படியேறினான். அடுத்த வாரமும் அதே சிரிப்பு, அதே இரண்டு தடவை. உங்க அக்கா கல்யாணம் எந்த வருஷம், மாமா எந்த வருஷம் பொறந்தாரு என்று மடியில் படுத்தபடி அவன் கேட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. அடுத்தடுத்த வாரங்களில் அந்த வருஷங்களைத்தான் பூட்டில் அழுத்திப் பார்த்திருக்கிறான். நம் குடும்பத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையாக விசாரிக்க ஒருவன் இருக்கிறானே என்று பூரித்துப்போய் ஒவ்வொன்றாகச் சொன்னவன் இவன்தான். முதல் நாளே ஏமாந்திருக்கிறான்.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். "இவன் உங்களுக்கு யாரு?"

கதவு திறந்திருந்தது. காலையிலிருந்து வெளியே பெஞ்சில் காத்திருந்த அக்கா வாசலில் வந்து நின்றாள். கேமராக்காரன் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னான்.

"நான் காதலிச்சவன் மேடம். என்னப் பாக்கத்தான் வர்றான்னு நெனச்சேன்."