பின் ஆக்சில் மூடி

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு ஜீப்பின் பின் ஆக்சில் மூடி நெகிழ்ந்தது. கறுத்த எண்ணெய் தகரத் தட்டில் விழுந்தது. விபத்து வண்டிகளைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயர் சுப்ரியா குனிந்து முகர்ந்தாள். கரிந்த வாசனை.

"சர்வேக்கு வர்ற ஆரும் இத ஊரி, தொறந்து பாக்க மாட்டாங்க மேடம்," என்றான் வினீத், மலையாளம் கலந்த தமிழில். கழக்கூட்டம் என்ற ஊரில் அவனுடைய பட்டறை அது. "சக்கரம் கறக்கி, சுத்திப் பாப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, போவாங்க. அத்ரதான்."

"நானும் சனிக்கிழமை அதைத்தான் பண்ணினேன். அதாக்கும் திரும்பி வந்திருக்கேன்."

சனிக்கிழமை பின்சக்கரங்கள் இரண்டையும் தூக்கி, ஒன்றைக் கையால் சுற்றினாள். மற்றது எதிர்த்திசையில் சுற்றியது. இரண்டு சக்கரங்களையும் தனித்தனி வேகத்தில் ஓடவிடும் சாதாரண டிஃபரென்ஷியல். வண்டியில் மாற்றங்கள் இல்லை, கோளாறு இல்லை என்று எழுதினாள். அப்படி எழுதினால் குற்றம் சொல்ல மிஞ்சுவது டிரைவர் மட்டும்தான்.

டிரைவர் வேல்சாமி சுவரோரம் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்திருந்தார். சங்கரன்கோவில்காரர். பொன்முடியில் ஒரு விடுதிக்குப் பதினொரு வருடமாக ஜீப் ஓட்டுகிறார். போன மாதம் மழையில், ஏழாவது வளைவில், வண்டியின் பின்பக்கம் விலகி ஓடைக்குள் இறங்கியது. உள்ளே இருந்த ஒரு பெண்ணுக்குக் கை முறிந்தது. வியாழக்கிழமை அவருடைய லைசென்ஸ் பற்றிய விசாரணை. சுப்ரியாவின் அறிக்கை அங்கே போகும்.

வேகமாகப் போகவில்லை என்றார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் சனிக்கிழமை அவள் காரில் ஏறும்போது இன்னொன்றும் சொன்னார். மெதுவாகத் திருப்பினால் பின்னாலிருந்து யாரோ தட்டுவதுபோல் இருக்கும் என்று. ஸ்ரீவராகத்தில் வீடு போய்ச் சேரும்வரை அது அவள் காதில் இருந்தது. திருப்பத்தில் வெளிச்சக்கரம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். சாதாரண டிஃபரென்ஷியல் அதைச் சத்தமில்லாமல் விட்டுக்கொடுக்கும். தட்டாது. ஒரு சக்கரத்தைத் தனியாக ஓடவிடாமல் பிடிக்கிற வகைகள் உண்டு. அவற்றில் ஒன்று தட்டும்.

வினீத் மூடியை எடுத்துக் கீழே வைத்தான்.

"இந்த ஆக்சில நான்தான் பாத்து எடுத்தேன் மேடம்," என்றார் வேல்சாமி எழுந்து வந்து. "போன மழைக்கு முன்ன, பழைய சாமான் கடையில. மொதலாளி எதையாவது போடுன்னுட்டாரு. ஆறு ஆக்சில் கெடந்துச்சு. இதான் அச்சு அசல் நம்ம வண்டியோடது மாதிரி."

"சனிக்கிழமை நீங்க இதைச் சொல்லலையே."

"நீங்க கேக்கலையே மேடம்."

சுப்ரியா கைபேசியைத் திறந்தாள். அந்த வகைகளின் படங்கள், பயிற்சியில் எடுத்தவை. நேரில் அவள் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

வினீத் எட்டிப் பார்த்தான். "கல்யாண ஆல்பம் போல உண்டல்லோ."

"பாருங்கோ. டிஃபரென்ஷியல் கூட்டுக்கு ஒரு ஜன்னல் இருக்கு. உள்ளே நடுவில வெறும் கம்பி மட்டும் தெரிஞ்சா, சாதாரணம். சுத்திலும் சாய்ஞ்ச பல்லோட உருளைகள் இருந்தா அது வேற. ஜன்னலே இல்லாம டப்பா மாதிரி மூடியிருந்தா இன்னொண்ணு."

"அப்ப தட்டுறது?"

"நடுவில ஸ்பிரிங் தெரியணும்."

ஜன்னல் மேலே திரும்பியிருந்தது. வினீத் சக்கரத்தை மெல்லச் சுற்றினான். பல்சக்கரம் எண்ணெய் சொட்ட நகர்ந்தது. ஜன்னலின் விளிம்பு தெரிந்தது. சுப்ரியா தரையில் முழங்காலை ஊன்றி டார்ச்சை உயர்த்தினாள்.

இரண்டு சிறிய தட்டுகள். அவற்றுக்கிடையில் நான்கு ஸ்பிரிங்குகள்.

அவளை அறியாமல் சிரிப்பு வந்தது. படத்தில் இருந்ததைவிடச் சிறியவை. ஒன்றைத் தொட்டாள். தளர்ந்து ஆடியது. சக்கரத்தைப் பிடிக்க வேண்டிய, ஓரத்தில் அடுக்கியிருந்த தகடுகள் தேய்ந்து கண்ணாடிபோல் மின்னின. அதனால்தான் கையால் சுற்றியபோது சாதாரணம்போலச் சுற்றியிருக்கிறது. பாரம் ஏறினால்தான் பிடிக்கும். ஈர வளைவில் அப்படிப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து வழுக்கும்.

"இதுக்கு ஓயிலும் வேறயாணு," என்றான் வினீத். "இதில சாதா ஓயில். எங்ஙனெ தட்டாம இருக்கும்?"

எண்ணெய் ஊற்றியது யார் என்று அவள் கேட்கவில்லை. வேல்சாமி தட்டில் கிடந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அதில் இன்னும் சிரிப்பு மீதமிருந்தது. அவரும் சிரித்தார்.

சுப்ரியா கையைத் துடைத்துவிட்டுப் புதிய படிவத்தை எடுத்தாள். மாற்றங்கள்: உண்டு. மாற்றிய பாகம்: பின் ஆக்சில். அடுத்த வரி, தேர்ந்தெடுத்துப் பொருத்தியவர் பெயர்.

பேனா அங்கே நின்றது.

"அப்ப வண்டிதான் மேடம் தப்பு," என்றார் வேல்சாமி. "நான் இல்லல்ல?"