நீல மூடிகள்

மதிப்பீட்டாளர் வருவதற்கு எட்டே நாள் இருந்தபோதுதான் புனிதவதி ஒன்பதாம் பகுதியைச் சரியாகப் படித்தாள்.

கோலா சிலாங்கூரில் கடலோரச் சதுப்புநிலப் பூங்கா ஒன்றில் அவள் வருகையாளர் அதிகாரி. நாட்டிலுள்ள இயற்கைப் பூங்காக்களை அதனதன் பொறுப்பாளர்கள் எப்படிக் காக்கிறார்கள் என்று அந்த ஆண்டு ஒரு குழு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் கேட்ட அறிக்கையில் நடைபாதை, பறவைக் கணக்கு, கழிவறைத் தண்ணீர், குப்பை என்று எட்டுப் பகுதிகளை ஒரு மாதம் உட்கார்ந்து எழுதி முடித்திருந்தாள். ஒன்பதாவது, 'சுற்றுவட்டார மக்கள்'. அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் இருபது பேர் பூங்காவைப் பற்றிய கருத்தைப் பாரத்தில், அச்சடித்த படிவத்தில், எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

இருபது பேர்தானே என்று சனிக்கிழமை காலை பாரங்களைப் பையில் திணித்துக்கொண்டு, பத்து நிமிட மோட்டார் சைக்கிள் தூரத்தில் இருந்த செம்பனைத் தோட்டத்துக்குப் போனாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் முதல் வீட்டில் நாகமணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருடமாகத் தோட்டத்தில் களைக்கு மருந்தடிப்பவள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பாரத்தை வாங்கிப் படித்தவள், அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

"நான் அந்தப் பக்கமே வந்ததில்லையேம்மா. பாக்காத எடத்த நல்லாருக்குன்னு எப்படி எழுதுறது?"

"சும்மா ஒரு டிக் போட்டாப் போதுங்கக்கா."

"அப்ப நீயே போட்டுக்க லா."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் பக்கத்து வீட்டு விமலாவும் அதையே சொன்னாள். அதற்கடுத்த வீட்டிலும் அதேதான். பதினோரு வீட்டில் ஓர் ஆள்கூடப் பூங்காவுக்குள் கால் வைத்ததில்லை. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வாசல்வரை வந்த வேன்காரர் ஒருவர் இருந்தார். அவரும் பிள்ளைகள் திரும்பும்வரை வேனிலேயே தூங்கியிருக்கிறார்.

புனிதவதிக்குச் சுருக்கென்றது. ஜப்பானியர்களும் ஜெர்மானியர்களும் வருகைப் புத்தகத்தில் எழுதிய வரிகளை அவள் மனப்பாடமாகச் சொல்வாள். ஆனால் இவர்களை ஒருநாளும் வாருங்கள் என்று கூப்பிட்டதில்லை.

"அப்ப வாங்கக்கா. எல்லாரும் வாங்க. டிக்கெட் வேணாம், நான் சுத்திக் காட்டுறேன்."

"நாளைக்குக் கோயில்ல துப்புரவு வேல. அடுத்த ஞாயிறுன்னா வரலாம்."

அடுத்த ஞாயிறுதான் மதிப்பீட்டாளர் வரும் நாள். அதைச் சொல்ல வாயெடுத்தவள், "சரிங்கக்கா" என்றுவிட்டாள்.

பூங்காத் தலைவர் ரஸ்மான் விஷயத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார். அன்றைக்குப் பார்த்தா இவ்வளவு கூட்டம் என்று மூன்று முறை மலாயில் புலம்பினார். பிறகு கொஞ்சம் யோசித்து, சாப்பாடு கொண்டுவருவார்களா என்று கேட்டார்.

கொண்டுவந்தார்கள். ஞாயிறு காலை ஒரு வேனும் ஆறு மோட்டாருமாக இருபத்து மூன்று பேர் வந்து இறங்கினார்கள். கூடவே இரண்டு கூடை நாசி லெமாக். தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் சேதுவும் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார்.

மதிப்பீட்டாளர் சத்தியசீலன் கோலாலம்பூரிலிருந்து அதற்கு முன்பே வந்துவிட்டார். ஒல்லியான, பேச்சுக் குறைந்த மனிதர். பலகை நடைபாதையில் ஆணிகளைக் குனிந்து தட்டிப் பார்த்தார். கழிவறைத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டார். எல்லாவற்றையும் கையிலிருந்த டேப்லெட்டில் குறித்துக்கொண்டார். அவர் முகத்திலிருந்து அரை மதிப்பெண்ணைக்கூடப் புனிதவதியால் ஊகிக்க முடியவில்லை. இப்போது அவரும் கூட்டத்தின் பின்னாலேயே நடந்தார்.

"ஐயோ, மீனு நடக்குது லா!" என்று விமலா போட்ட சத்தத்தில் கொக்குகள் எழும்பிப் பறந்தன. சேற்றில் பெலாச்சாக் மீன்கள் துடுப்பை ஊன்றி ஊன்றி நகர்ந்துகொண்டிருந்தன. கொஞ்சம் தள்ளி ஒரு கருங்குரங்கு ஆரஞ்சு நிறக் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குட்டி யாருடைய ஜாடை என்று பெண்கள் பேசிப் பேசிச் சிரித்தார்கள்.

நடைபாதை வளையும் இடத்தில் சத்தியசீலன் நின்றார். அலையாத்தி மரவேர்களுக்கிடையே நீல நிற மூடிகள் கொத்துக் கொத்தாகச் சிக்கியிருந்தன.

"இது?"

"வர்றவங்க போட்டுட்டுப் போறதுதான் சார். எட்டாம் பகுதியில எழுதியிருக்கேன். நாலு மொழியில பலகை வச்சிருக்கோம், அப்பவும் கொறையல," என்றாள் புனிதவதி.

நாகமணி ஒரு குச்சியால் மூடி ஒன்றை நெம்பி எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"யாரும்மா சொன்னா? இது தண்ணிப் போத்தல் மூடியா? எவ்ளோ அகலம் பாரு. மருந்து டின் மூடி இது. தெனம் காலையில நான் திருகுற மூடி எனக்குத் தெரியாதா?"

எல்லாரும் நடைபாதைக் கைப்பிடியோரம் வந்து எட்டிப் பார்த்தார்கள். நாகமணியே விளக்கினாள். தோட்டத்தில் காலி டின்களை ஸ்டோருக்குப் பின்னால் அடுக்குவார்கள்; மூடிகளைக் கழற்றிப் பக்கத்தில் குவிப்பார்கள். மழை பெய்தால் அவை பாரிட்டில், தோட்டத்து நீர் வடியும் கால்வாயில், அடித்துக்கொண்டு போய்விடும். "எங்க போயிச் சேருதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

அத்தனை தலைகளும் மண்டோர் பக்கம் திரும்பின.

"என்னைய ஏன் பாக்குறீங்க? நான் என்ன வாயாலயா ஊதி அனுப்புறேன்?" என்றார் சேது. கூட்டம் குலுங்கிச் சிரித்தது. சத்தியசீலன் மட்டும் சிரிக்கவில்லை, எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

புனிதவதிக்குக் காது சூடேறியது. மூன்று வருடமாக வந்தவர் போனவர் மேலெல்லாம் பழிபோட்டிருக்கிறாள். ஒரு தடவைகூட அந்த மூடியைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. பேசாமல் இருந்துவிட்டால் இந்தச் சிரிப்போடு பேச்சு கரைந்துபோகும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் நாகமணி அந்த மூடியை இன்னும் அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சார், நான் எழுதினது தப்பு. எட்டாம் பகுதிய மாத்தி எழுதித் தந்துடுறேன்."

"மார்க் கொறையலாம்."

"பரவால்ல சார்." சொல்லி முடித்ததும் மனசு லேசானது.

அதற்குள் சேது சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். "என் மச்சான்கிட்ட பழைய மீன் வல இருக்கு. பாரிட் வாயில கட்டிடலாம். ஸ்டோர்ல மூடிக்குன்னு தனியா ஒரு குப்பைத் தோம்பு வைக்கச் சொல்லி நாளைக்கே ஆபீஸ் கிராணிகிட்ட பேசுறேன்."

"வலைக்கண்ணு எவ்ளோ பெருசு?" என்று திடீரென்று சத்தியசீலன் கேட்டார். "மீன் குஞ்சு மாட்டிக்கக் கூடாது பாருங்க."

சேதுவும் அவரும் விரலால் அளவு காட்டிக்கொண்டே நடந்தார்கள். மூடி, மீன், மழை என்று சாப்பாட்டுக் கொட்டகை வரைக்கும் பேச்சு ஓடியது. அங்கே சத்தியசீலன் இரண்டாவது நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்ததை ரஸ்மான் தூரத்திலிருந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். பாரங்களும் நிரம்பின. 'மீன் நடக்கிறது. மிகவும் நன்று' என்று விமலா எழுதியிருந்தாள். 'கழிவறையில் பை மாட்டக் கொக்கி இல்லை' என்று எழுதிய நாகமணி, அதன் கீழே இரண்டு கோடும் போட்டிருந்தாள்.

வலை கட்டிய பிறகு வந்த முதல் இரண்டு மழைக்கே அரைச் சாக்கு மூடி அகப்பட்டது. தோட்ட நிர்வாகி நேரில் வந்து பார்த்தார். ஸ்டோருக்குப் பின்னால் தோம்பும் வந்தது, அதற்கு மேல் ஒரு தகரக் கூரையும் வந்தது.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. ஒன்பதாம் பகுதியில் முழு மதிப்பெண். எட்டாம் பகுதியில் வாங்கிய அடியில் தங்கத் தரம் நான்கு மதிப்பெண்ணில் கைநழுவியிருந்தது. புனிதவதி மோட்டாரை எடுத்துக்கொண்டு நேரே லயத்துக்குப் போனாள்.

"அக்கா, நமக்கு வெள்ளி கெடச்சிருக்கு!"

"எத்தன வெள்ளி லா?"

"காசு இல்லக்கா. வெள்ளித் தரம்."

"அவ்வளவுதானா?" என்றாள் நாகமணி. ஆனால் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "சரி, வர்ற ஞாயிறு சுங்கை சோவுலருந்து என் நாத்தனார் குடும்பம் வருது. பதினஞ்சு பேரு. பூங்காவக் காட்டணும்."

"கூட்டிட்டு வாங்க. நான் ஒம்பது மணிக்கெல்லாம் வந்துடுறேன்."

"நீ எதுக்கும்மா?" என்றாள் நாகமணி. "லீவு நாளு, வீட்டுல படுத்துத் தூங்கு. நான் காட்டிக்கிறேன்."